9 வருடப் பழைய மிட் சைஸ் செடான்: எது முதலில் போகும், எவ்வளவு இழுக்கும்?

செகண்ட்கியர்

வணக்கம். இதுவரை சின்ன ஹேட்ச்பேக் மட்டுமே ஓட்டியவன். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், பின் சீட்டில் முழங்கால் இடிக்கிறது. புது செடானுக்குக் கை எட்டவில்லை, அதனால் பழையதில் இறங்கலாம் என்று முடிவு. இரண்டு வண்டிகள் கண்ணில் பட்டிருக்கின்றன. இரண்டுக்கும் வயது 9.

முதல் வண்டி: 2.4 லிட்டர் பெட்ரோல், டர்போ இல்லை, 6 கியர் சாதாரண ஆட்டோமேட்டிக். 1,42,000 கி.மீ. ஒரே உரிமையாளர். பில்கள் எல்லாம் ஒரு தடித்த ஃபைலில் இருக்கின்றன. பம்பரில் இரண்டு கீறல், சீட் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது.

இரண்டாவது: 2 லிட்டர் டீசல், டூயல் கிளட்ச், அதாவது இரண்டு கிளட்ச் வைத்துத் தானாக மாறும் கியர்பாக்ஸ். 78,000 கி.மீ. தான். இரண்டு கை மாறியது. முதல் ஐந்து வருடத்துக்குப் பில் எதுவும் இல்லை. ஆனால் வண்டி பளபளவென்று இருக்கிறது, உள்ளே உட்கார்ந்தால் இறங்க மனம் வராது.

இரண்டாவதற்குக் கொஞ்சம் விலை கூடுதல். மனசு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. இந்த வயதில் பொதுவாக எவை பழுதாகும், எதற்கு அதிகச் செலவு என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

டீசல்பிரியன்

யோசிக்கவே வேண்டாம், இரண்டாவதை எடுங்கள். டீசல் இன்ஜினுக்கு 78,000 என்பது பால்குடி வயது. அந்தப் பெட்ரோல் வண்டி பாதி ஆயுளைத் தாண்டிவிட்டது.

ஓடோமீட்டர்

கொஞ்சம் கணக்குப் போடலாம். 78,000 கி.மீ., 9 வருடம். வருடத்துக்கு சுமார் 8,700. நாளுக்கு 24 கி.மீ. கூட இல்லை. போக 12, வர 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 கி.மீ.யில் டீசல் இன்ஜின் அப்போதுதான் முழுச் சூட்டுக்கு வரும், உடனே அணைத்துவிடுவார்கள்.

அந்த வண்டியில் டி.பி.எஃப். இருந்தால், அதாவது புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருந்தால், விஷயம் இன்னும் மோசம். அந்தக் கரியை எரிக்க வடிகட்டி சுமார் 600 டிகிரி வரை சூடாக வேண்டும். அதற்கு நெடுஞ்சாலையில் தொடர்ந்து 15, 20 நிமிடமாவது ஓட்டம் வேண்டும். குட்டிப் பயணமாகவே ஓடினால் எரிப்பு பாதியில் நிற்கும். அதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால் சந்தோஷப்படக் கூடாது. ஆயில் நீர்த்துப்போகிறது என்று அர்த்தம். அடுத்த அடி டர்போ பேரிங்குக்கு.

எனவே உங்கள் இரண்டு வண்டிகளில் கடினமான வாழ்க்கை வாழ்ந்தது 78,000 ஓடிய வண்டியாகக்கூட இருக்கலாம்.

டீசல்பிரியன்

இது ஊகம். வாரம் முழுக்க நின்றுவிட்டு வார இறுதியில் 200 கி.மீ. ஓடியிருக்கலாமே? அப்படி ஓடியிருந்தால் டி.பி.எஃப். சுத்தமாக இருக்கும்.

ஓடோமீட்டர்

இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியது பில். அது இல்லையே. பில் இல்லாத ஐந்து வருடத்தில் ஆயில் எத்தனை முறை மாற்றினார்கள், எந்த ஆயில் ஊற்றினார்கள், மீட்டர் உண்மையா, எதற்கும் பதில் இல்லை. பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங்கின் மேல் பக்கம், டிரைவர் சீட்டின் வெளி ஓரம் மூன்றையும் பாருங்கள். 78,000க்கு இவை வழவழவென்று தேய்ந்திருக்கக் கூடாது. எல்லாம் புத்தம் புதிதாக மாற்றப்பட்டிருந்தாலும் ஏன் என்று கேளுங்கள்.

கிரீஸ்கை

தம்பி, முப்பது வருடம் வண்டிக்கு அடியில் படுத்தவன் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

எல்லோரும் 'எந்தப் பாகம் போகும்' என்று கேட்கிறார்கள். எது போனாலும் நான் முதலில் பார்ப்பது, அதைத் தொட எதையெல்லாம் கழற்ற வேண்டும் என்பதை. செலவு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

ஓர் உதாரணம். மேனுவல் கியர் வண்டிகளில் பலவற்றுக்குக் கிளட்சைத் தள்ளும் சிலிண்டர் கியர்பாக்ஸ் கூண்டுக்கு உள்ளேயே இருக்கும். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் வளையம். அது ஒழுகினால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். ஐந்து முதல் எட்டு மணி நேர வேலை. கிளட்ச் பிளேட் பாதிதான் தேய்ந்திருந்தாலும் அதையும் சேர்த்து மாற்றத்தான் வேண்டும், இல்லையென்றால் ஒரு வருடம் கழித்து அதே எட்டு மணி நேரத்துக்கு மறுபடி கூலி. ஃப்ளைவீல் இரட்டை எடை வகையாக இருந்து ஆட்டம் கண்டிருந்தால் அதுவும் சேரும். அதன் விலை பல வண்டிகளில் கிளட்ச் செட்டையே தாண்டும். சின்ன ஒழுகல் என்று வந்தவர் பெரிய பில்லோடு போவார், மெக்கானிக்கைத் திட்டுவார்.

கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலும் அப்படியே. அது ஒரு ரப்பர் வளையம், விலை ஒன்றுமே இல்லை. ஆனால் அதற்கும் கியர்பாக்ஸ் வெளியே வர வேண்டும். ஏசியில் எவாப்பரேட்டர் ஓட்டை என்றால் பல வண்டிகளில் டாஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும், ஒரு முழு நாள் போய்விடும். வி6 இன்ஜினைக் குறுக்கே பொருத்திய செடான்களில் பின்வரிசை மூன்று ஸ்பார்க் பிளக் மாற்ற இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றும்படி இருக்கும். பிளக்குக்குப் போய் இவ்வளவா என்று கேட்பார்கள். என்ன செய்ய, வரைந்தவன் அப்படி வரைந்திருக்கிறான்.

மறுபக்கமும் உண்டு. ஆல்டர்னேட்டர் விலை கூடினதுதான், ஆனால் பல வண்டிகளில் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் முடியும். ஸ்டார்ட்டர், இக்னிஷன் காயில், வீல் பேரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் தொட எளிது. இவை மாற்ற வேண்டிய நிலையில் இருக்கிற வண்டியைப் பார்த்து ஓட வேண்டாம், விலை பேச ஓர் ஆயுதம் கிடைத்தது என்று எடுத்துக்கொள்.

இன்னொன்று. கார் பழசாகப் பழசாக அதன் விலை இறங்கும். உதிரிபாகத்தின் விலை இறங்காது. புதிதாக வாங்கியவருக்கு விற்ற அதே ஹெட்லைட், அதே ஸ்டியரிங் ராக், அதே ஏசி கம்ப்ரசர். வண்டியைக் கால் விலைக்கு வாங்கலாம், பாகத்தைக் கால் விலைக்குத் தர மாட்டார்கள். மிட் சைஸ் செடானில் பலர் கையைச் சுட்டுக்கொள்வது இந்த இடத்தில்தான். சின்ன வண்டி விலைக்குக் கிடைத்ததே என்று வாங்கிவிட்டு, சின்ன வண்டிச் செலவையே எதிர்பார்ப்பார்கள்.

செகண்ட்கியர்

அண்ணா, இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. பாகங்களின் விலைப்பட்டியலைத்தான் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். டைமிங் பெல்ட் எந்தப் பக்கம் வரும்? பாகமா, கூலியா?

கிரீஸ்கை

இரண்டும். இன்ஜினின் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூடவைக்கும் பெல்ட் அது. பெல்ட் மலிவு, பிரிப்பது மூன்று முதல் ஐந்து மணி நேரம். வாட்டர் பம்பையும் அதே பெல்ட் சுழற்றுகிற இன்ஜினாக இருந்தால் பம்ப், டென்ஷனர், ஐட்லர் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடு. பம்ப் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டால், அது ஒழுகும் நாளில் மறுபடி முதலிலிருந்து பிரிக்க வேண்டும். கி.மீ. ஆகாவிட்டாலும் வருடக் கணக்கு உண்டு, ரப்பர் நின்ற இடத்திலேயே கிழடாகும். நீ பார்க்கும் டீசலில் பெல்ட்டா செயினா என்று கேள். பெல்ட் என்றால், மாற்றியதற்குப் பில் இல்லாதவரை மாற்றவில்லை என்றே வைத்துக்கொள். அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். அப்புறம் ஹெட் வேலை, அல்லது வேறு இன்ஜின் தேடும் வேலை.

செயின் என்றால் நிம்மதி என்று நினைக்காதே. ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டியில் செயின் நீளும், டென்ஷனர் தளரும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று விநாடி கரகரவென்று சங்கிலியை இழுப்பது போலக் கேட்கும். சூடான இன்ஜினில் அந்தச் சத்தம் மறைந்துவிடும். அதனால்தான் சில விற்பனையாளர்கள் நீ வருவதற்குள் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருப்பார்கள். போனதும் முதல் வேலையாக பானெட் மேல் கையை வை. சூடாக இருந்தால் நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வா.

ஸ்பேனர்ராணி

பானெட் மேல் கை வைக்கும் யோசனைக்கு நன்றி, இரண்டு வருடம் முன்பே தெரிந்திருந்தால் எனக்கு ஒரு டென்ஷனர் மிச்சமாகியிருக்கும்.

வீட்டிலேயே வேலை பார்ப்பவள் என்ற முறையில் என் பங்கு. இந்த வயது பெட்ரோல் செடானில் நானே மாற்றியவை: பிளக், இக்னிஷன் காயில் இரண்டு, தெர்மோஸ்டாட், பி.சி.வி. வால்வு, டேப்பெட் கவர் (இன்ஜினின் மேல் மூடி) கேஸ்கெட், முன் பிரேக் பேட். இவற்றில் பி.சி.வி. வால்வு, அதாவது இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு, யாரும் கண்டுகொள்ளாத ஒன்று. அது அடைத்தால் இன்ஜினுக்குள் காற்றழுத்தம் ஏறி, ஆயில் கிடைத்த சீல் வழியெல்லாம் கசியும். ஆயிலும் குடிக்கும். மிகச் சின்ன பாகம், பல வண்டிகளில் பத்து நிமிட வேலை. ஆயில் ஒழுகுகிறது என்று பெரிய சீல்களில் கை வைப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

நான் ஏமாந்த இடம் பி0420 என்ற கோடு, அதாவது வண்டியின் கணினி பதிவு செய்யும் பழுதுக் குறியீடு. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் கோடு அது. உள்ளே பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருப்பதால் அதன் விலை எப்போதும் அச்சுறுத்தும். நான் போன பணிமனையில் அதை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். எட்டு மாதத்தில் அதே கோடு மறுபடி வந்தது. இன்ஜின் ஆயில் எரித்துக்கொண்டிருந்தது, அந்தச் சாம்பல்தான் பழையதையும் கொன்றது, புதியதையும் கொன்றது. ஒரு காயில் சரியாக எரியவிடாமல் இருந்தாலும் இதே கதிதான், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். கோடு காட்டுவது செத்ததை. கொன்றவனை நாம்தான் தேட வேண்டும்.

நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் இன்ஜினா என்றும் கேளுங்கள். அதில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போவதால் இன்டேக் வால்வின் பின்புறத்தை எதுவும் கழுவாது, கரி படியும். காலையில் இன்ஜின் நடுங்கி நடுங்கி நிற்கும். மேனிஃபோல்டைக் கழற்றி, பொடித்த வால்நட் ஓட்டைக் காற்றோடு பீய்ச்சிச் சுத்தம் செய்வார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை நடக்கும்.

வாடகைஓட்டி

என் வண்டி 3,80,000 கி.மீ. ஓடிவிட்டது. பெட்ரோல் செடான்தான். இன்ஜினைத் திறந்ததே இல்லை. 10,000க்கு ஒரு முறை ஆயில், எதற்காகவும் தள்ளிப்போட்டதில்லை. என் பணத்தைத் தின்றது இன்ஜின் அல்ல, கீழ்ப்பகுதி. லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையில் உள்ள ரப்பர்) மூன்று தடவை, லிங்க் ராட் எண்ணவில்லை, வீல் பேரிங் நாலு, இன்ஜின் மவுண்ட் இரண்டு செட், ஏசி கம்ப்ரசர் ஒன்று, ரேடியேட்டர் ஒன்று. ஒவ்வொன்றும் சின்னச் செலவு. எல்லாம் ஒரே மாதத்தில் வந்தால்தான் வலிக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது ரேடியோவை அணைத்துவிடுங்கள். 60, 70 வேகத்தில் ஊளையிடுவது போலச் சத்தம் வந்தால், ஸ்டியரிங்கை மெல்ல இடப்பக்கம் திருப்புங்கள். சத்தம் கூடினால் வலப்பக்கப் பேரிங், ஏனென்றால் எடை அந்தப் பக்கம் சாய்கிறது. வலப்பக்கம் திருப்பும்போது கூடினால் இடது. முழுதாகத் திருப்பி மெதுவாக நகர்த்தும்போது கடக் கடக் என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். அதன் ரப்பர் உறை எப்போதோ கிழிந்து கிரீஸ் வெளியே போயிருக்கும். உறை கிழிந்த அன்றே மாற்றினால் உறையோடு போகும்.

பிராண்ட்பக்தன்

இவ்வளவு பேச்சு எதற்கு? ஜப்பான் வண்டி வாங்குங்கள், பெட்ரோல் போடுங்கள், ஓட்டுங்கள். அவ்வளவுதான்.

ஓடோமீட்டர்

டொயோட்டா கேம்ரியை விட நம்பகமான பெயர் இந்த ரகத்தில் இல்லை, சரிதானே? 2007 முதல் 2009 வரை வந்த 2.4 லிட்டர் கேம்ரிகளில் பிஸ்டன் ரிங் கோளாறால் ஆயில் குடிக்கும் பிரச்சினை இருந்தது. அந்த இன்ஜினின் பெயர் 2ஏஇசட்-எஃப்இ. 1,200 மைலுக்குள், அதாவது சுமார் 1,900 கி.மீ.க்குள், ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான அளவு குடித்தால் பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றிக் கொடுக்கும் திட்டத்தை அமெரிக்காவில் டொயோட்டாவே கொண்டுவந்தது. நிசான் ஆல்டிமாவின் சி.வி.டி., அதாவது படிப்படியான கியர் இல்லாமல் தொடர்ந்து மாறும் கியர்பாக்ஸுக்கு உத்தரவாதத்தை நீட்ட வேண்டி வந்தது. ஜப்பானுக்கு வெளியே வந்தால், ஹூண்டாய் 2015-இல் 2011, 2012 சொனாட்டாக்களை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. கிராங்க் ஷாஃப்ட் கடைசலில் உலோகத் துகள் உள்ளேயே தங்கி, கனெக்டிங் ராட் பேரிங்குக்கு ஆயில் போகவிடாமல் தடுத்தது காரணம்.

அதே கம்பெனிகளின் வேறு வருட வண்டிகள் நன்றாக ஓடுகின்றன. எனவே பிராண்டை விட்டுவிட்டு, எந்த வருடம், எந்த இன்ஜின், எந்தக் கியர்பாக்ஸ் என்று மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். அப்படியே வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணை வைத்து, திரும்ப அழைப்பு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். டகாடா என்ற ஜப்பான் நிறுவனத்தின் ஏர்பேக் விவகாரத்தில் பல கம்பெனி வண்டிகள் சிக்கின. ஏர்பேக்கை ஊதவைக்கும் அம்மோனியம் நைட்ரேட் நாளடைவில் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, ஏர்பேக் விரியும்போது உலோகக் கூடே சிதறும். அந்த மாற்று வேலை இலவசம். செய்யாமலே கை மாறிய வண்டிகள் உண்டு.

பிராண்ட்பக்தன்

சரி, ஆயில் குடிக்கும் கேம்ரி கூட ஆயில் ஊற்றினால் ஓடும்தானே :)

கிரீஸ்கை

ஓடும். கன்வெர்ட்டர் என்ன ஆகும் என்பதை மேலே அந்தப் பெண்ணிடம் கேள்.

கியர்பாக்ஸ் பேச்சு வந்துவிட்டதால் சொல்லிவிடுகிறேன். இந்த வகை வண்டியில் மொத்தமாகக் கவிழ்ப்பது அதுதான். இன்ஜின் முன்கூட்டியே சத்தம் போடும், புகை விடும். கியர்பாக்ஸ் கொஞ்சம் தயங்கும், ஒரு நாள் நின்றுவிடும்.

சாதாரண டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்குக்கு ஆயில் மாற்றத் தேவையே இல்லை, ஆயுளுக்கும் போதும் என்று கையேட்டில் எழுதியிருக்கும். யாருடைய ஆயுள் என்று எழுதியிருக்காது. கியர்பாக்ஸ் தயாரிக்கிற இசட்.எஃப். நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக்குகளுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 வருடத்தில் ஆயில் மாற்றச் சொல்கிறது. அந்தத் தடித்த ஃபைலில் கியர்பாக்ஸ் ஆயில் பில் இருக்கிறதா பார். இருந்தால் வண்டியின் மதிப்பே வேறு.

டூயல் கிளட்ச் என்றால் உலர் வகையா, ஆயிலில் மூழ்கும் வகையா என்று முதலில் கேள். உலர் கிளட்ச், நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது அரைகுறைப் பிடிப்பிலேயே உரசிச் சூடாகும், நடுங்க ஆரம்பிக்கும். கிளட்ச் செட்டோடு போனால் பரவாயில்லை. மெக்கட்ரானிக்ஸ் என்கிற கட்டுப்பாட்டுப் பெட்டியும் போனால், பழைய வண்டியின் விலையில் பெரிய துண்டை அது ஒன்றே கேட்கும். 2013-இல் ஃபோக்ஸ்வாகன் தன் 7 கியர் டூயல் கிளட்ச் வண்டிகளில் சுமார் 16 லட்சத்தைத் திரும்ப அழைத்து சிந்தெடிக் ஆயிலை மினரல் ஆயிலாக மாற்றிக் கொடுத்தது. அது மின்சாரக் கோளாறுக்காகச் செய்தது. கிளட்ச் தேய்மானம் தனிக் கதை.

டீசல்பிரியன்

டூயல் கிளட்ச் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். நான் இன்ஜினை மட்டும் நினைத்துச் சொன்னேன். ஆனால் போய்ப் பார்க்காமலே அந்த வண்டியைக் குற்றவாளி ஆக்காதீர்கள்.

செகண்ட்கியர்

இரண்டையும் பார்த்துவிட்டு வந்தேன். பழுதுக் கோடு படிக்கும் ஸ்கேனர் ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு, தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

டீசல் வண்டி. பானெட் இளஞ்சூடாக இருந்தது. காலையில் கழுவினேன், கொஞ்சம் நகர்த்தினேன் என்றார். ஸ்கேனரில் கோடு ஒன்றுமே இல்லை, எனக்கு மகிழ்ச்சி. மெக்கானிக் வேறொரு பக்கத்தைத் திறந்து காட்டினார். சுயபரிசோதனைகளில் பெரும்பாலானவை 'முடியவில்லை' என்று இருந்தன. கோடு அழித்த பிறகு ஓடிய தூரம் 11 கி.மீ. விற்பவரைக் கேட்டால் நேற்றுதான் பேட்டரி மாற்றினேன் என்றார். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டுக்கும் மேலே ஒரு விரல் கனம் இருந்தது. முதல் கியரில் நகரும்போது ஒரு சின்ன நடுக்கம்.

பெட்ரோல் வண்டி. பானெட் ஜில்லென்று இருந்தது. முதல் ஸ்டார்ட் சத்தமில்லாமல் வந்தது. கோடு இல்லை, அழித்த பிறகு ஓடிய தூரம் 9,800 கி.மீ. ஃபைலில் 88,000-இல் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பில் இருக்கிறது! ஆனால் குறைகளும் நிறைய. பிரேக்கை மிதித்து டி-யில் வைத்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது. லோயர் ஆர்ம் புஷ் இரண்டும் வெடித்திருக்கின்றன. டேப்பெட் கவரில் கசிவு, ஒரு பிளக் குழிக்குள் ஆயில். வாட்டர் பம்பின் அடியில் இருக்கிற சின்னத் துளையைச் சுற்றி இளஞ்சிவப்பாக உப்புப் போலப் படிந்திருக்கிறது. டயர் பக்கச்சுவரில் கடைசி நாலு இலக்கத்தைப் பார்த்தால் 6 வருடப் பழசு. பிரேக் ஆயில் கருத்துப் போயிருக்கிறது.

உண்மையைச் சொன்னால் குழம்பிவிட்டேன். சுத்தமாக இருக்கிற வண்டியைச் சந்தேகப்பட வேண்டுமாம், குறையாக இருக்கிற வண்டியை நம்ப வேண்டுமாம்.

ஸ்பேனர்ராணி

பேட்டரி மாற்றினாலும் அந்தப் பரிசோதனைகள் அழியும், அதனால் அவர் சொல்வது உண்மையாகக்கூட இருக்கலாம். சோதிக்க எளிய வழி உண்டு. பழைய பேட்டரிக்கும் புதியதற்கும் பில் கேளுங்கள். அப்புறம், நூறு நூற்றைம்பது கி.மீ. ஓட்டிவிட்டு அடுத்த வாரம் காட்டுங்கள் என்று சொல்லுங்கள். மறைக்க ஒன்றும் இல்லாதவர் ஒப்புக்கொள்வார்.

ஓடோமீட்டர்

ஆயில் மேல் கோட்டைத் தாண்டியதைப் பற்றி நான் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. யாராவது கூடுதலாக ஊற்றியும் இருக்கலாம், அதனால் தொட்டு முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் பேச்சே இல்லை.

கிரீஸ்கை

பெட்ரோல் வண்டியின் குறைகளை என் கண்ணால் பார். ஸ்டியரிங் நடுக்கம் இன்ஜின் மவுண்ட் போனதால். புஷ், மவுண்ட், டயர், பிரேக் ஆயில் நாலும் எப்படியும் தேய்கிற சாமான். எந்த வண்டி வாங்கினாலும் ஒரு நாள் வரும். டேப்பெட் கவர் கேஸ்கெட் இரண்டு மணி நேரம், பிளக் குழி சீலையும் சேர்த்து மாற்றச் சொல். வாட்டர் பம்ப்தான் அவசரம். அந்தத் துளை வழியே கூலன்ட் வருகிறது என்றால் உள் சீல் போய்விட்டது. டைமிங்குக்குச் செயினாக இருந்து, பம்ப் மட்டும் வெளி பெல்ட்டில் ஓடுகிறது என்றால் அரை நாள் வேலை. அதைத் தள்ளிப்போட்டு, இன்ஜின் கொதித்து, ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கெட் போனால் அதுதான் நிஜச் செலவு. கூலன்ட் நிரப்பும்போது பழைய வகையையே ஊற்று, நிறத்தைப் பார்த்து ஏதோ ஒன்றைக் கலக்காதே.

எல்லாவற்றுக்கும் ஒரு மதிப்பீடு எழுதி வாங்கி, அதை அப்படியே விற்பவர் முன்னால் வை. பில் சேர்த்து வைக்கிற ஆளுக்குக் கணக்கு புரியும்.

வாடகைஓட்டி

பேசி குறைத்த பணத்தைச் செலவழிக்காமல் தனியாக வையுங்கள். முதல் ஆறு மாதத்தில் வண்டியே அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

செகண்ட்கியர்

டீசல்காரரிடம் ஒரு வாரம் ஓட்டிவிட்டுக் காட்டச் சொன்னேன். வேறு ஆள் முன்பணம் தர வருகிறார், இன்றே முடிவு சொல்லுங்கள் என்றார். முடிவு சொல்லிவிட்டேன்.

பெட்ரோல் வண்டியை வாங்கியாயிற்று. மதிப்பீட்டுத் தாளைக் காட்டியதும் அந்தப் பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தார். 'புஷ் நான் ஒத்துக்கொள்கிறேன், டயரில் இன்னும் ஒரு வருடம் இருக்கிறது' என்றார். டயரில் பாதியை விட்டுக்கொடுத்தேன், மற்றதைக் குறைத்தார். சாவியோடு ஃபைலையும் இரண்டு கையால் கொடுத்தார்.

டீசல்பிரியன்

வாழ்த்துகள். மைலேஜ் கணக்கு பார்க்கும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

செகண்ட்கியர்

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். வாட்டர் பம்ப், மவுண்ட், புஷ், கேஸ்கெட் எல்லாம் முடிந்தது. பாகத்தை விடக் கூலி கூடியது இன்ஜின் மவுண்ட் ஒன்றில்தான், பின்பக்க மவுண்டை எட்ட சப்ஃப்ரேமை, அதாவது இன்ஜினுக்குக் கீழுள்ள சட்டத்தை, தளர்த்த வேண்டி வந்தது. மற்றதெல்லாம் மதிப்பீட்டை ஒட்டியே இருந்தது. 3,000 கி.மீ. ஓடியிருக்கிறேன், ஆயில் அளவு குறையவில்லை.

எதிர்பாராத ஒன்று: ஏசி போட்டால் டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து டிக் டிக் டிக் என்று பல்லி கத்துவது போலச் சத்தம். சூடும் குளிரும் கலக்கும் கதவைத் திருப்புகிற குட்டி மோட்டாராம், உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்துவிட்டதாம். ஒரு பணிமனையில் டாஷ்போர்டு இறக்க வேண்டும், ஒரு நாள் கூலி என்றார்கள்.

ஸ்பேனர்ராணி

பொறுங்கள்! பல வண்டிகளில் அதைக் கிளவ் பாக்ஸைக் கழற்றியே எட்டலாம். தலையைக் கீழே விட்டு, காலை சீட் மேல் போட்டுக்கொண்டு படுக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் கழற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் கூலி பேசுங்கள்.

செகண்ட்கியர்

ஒன்றே முக்கால் மணி நேரம். கழுத்து பிடித்துக்கொண்டது, சத்தம் நின்றுவிட்டது. ஆனால் எல்லாவற்றையும் மாட்டிய பிறகு ஒரு கருப்பு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது. எங்கே இருந்து வந்தது என்று யாருக்காவது தெரியுமா?

கிரீஸ்கை

கிளவ் பாக்ஸுக்கு உள்ளே, மேல் ஓரம், பூட்டு மாட்டுகிற கொக்கிக்குப் பக்கத்தில் பார். எல்லோரும் அங்கேதான் மறப்பார்கள்.